தண்ணீருக்குத் தளம் போட்ட கதை

அல்லி நகர் விரிவில் தண்ணீர் எழுந்து நடக்க ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. மூன்று நாள் விடாமல் பெய்து, நான்கு தெருக்களிலும் முழங்கால் அளவு நின்று, ஸ்கூட்டர்களை மூழ்கடித்து, ஜெனரேட்டரை அணைத்து, எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பெயர்த்தெடுத்து எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டு, இனிப் படகு வந்தால்தான் பால் பாக்கெட் என்று நாங்கள் மொட்டைமாடிகளில் நின்று வெறித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தண்ணீர் தரையைவிட்டு மெல்ல நிமிர்ந்தது, இடுப்பளவு உயரத்துக்கு எழுந்தது, ஆள் ஆளாகப் பிரிந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி முதல் தெருவிலிருந்து நான்காம் தெருவுக்கு நடந்துபோய், கடைக்கோடியில் இருந்த காட்டுக்குள் நுழைந்தது. அரை மணி நேரத்தில் தெரு தெரிந்தது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா, போயிடுச்சு. கீழ போய்த் துணி காயப்போடலாம்," என்றார்.

காடு என்று நாங்கள் சொன்னது முக்கால் ஏக்கர் நிலம். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சை மசி தடவி ஒதுக்கியிருந்த இடம். இருபத்திரண்டு வருடமாக அதில் யாரும் கைவைக்கவில்லை என்றால் அதற்கு எங்கள் நல்ல மனசு காரணம் என்று நினைத்துவிட வேண்டாம்; பூங்காவுக்கு யார் பெயரை வைப்பது என்ற சண்டை சங்கத்தில் தீரவே இல்லை, அதுதான் காரணம். நாங்கள் இங்கே கத்திக்கொண்டிருந்த இருபத்திரண்டு வருடமும் அங்கே நொச்சியும் எருக்கும் நுணாவும் தாழையும் தம்பாட்டுக்கு வளர்ந்தன, கோரை மண்டியது, கறையான் புற்று எழுப்பியது, நண்டு வளை தோண்டியது, விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கி, காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் மண்ணாக அது ஆகியிருந்தது. தண்ணீர் உள்ளே போனதை எல்லோரும் பார்த்தோம். வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை காட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை, எங்கள் கிணறுகளில் மட்டும் தண்ணீர் இரண்டு உறை ஏறியிருந்தது.

ஏன் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஏன் எங்கள் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு நல்லது நடந்தால் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை. அதற்குப் பிறகு எப்போது மழை பெய்தாலும் தண்ணீர் எழுந்து நடந்தது, நாங்களும் பழகிக்கொண்டோம். முதல் இரண்டு நாள் குரைத்த நாய்கள் மூன்றாம் நாள் முதல் அதன் பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு காடுவரை போய் விட்டுவிட்டு வந்தன. மோட்டார் சைக்கிள்காரர்கள் முனையில் நிறுத்தி வரிசை முடியும்வரை போன் பார்த்தார்கள். வாசலில் கோலம் இருந்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகு பெண்கள் கொட்டும் மழையிலும் குடை பிடித்துக்கொண்டு கோலம் போட்டார்கள். வேகத்தடையில் அது தடுக்கி விழுகிறது என்று வேகத்தடையைப் பெயர்த்தோம். ஓர் அதிகாரி வந்து, நேரிலேயே பார்த்து, வடிகால் திருப்திகரமாக இயங்குகிறது என்று எழுதிக்கொண்டு போனார். தரகர்கள் 'தண்ணீர் தானே போய்விடும் பகுதி' என்று விளம்பரம் போட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்த அன்றைக்கு மட்டும் நல்ல வெயில்.

அப்படி நடந்துபோகும் தண்ணீரோடு பேசிய ஒரே மனிதர் தணிகாசலம். காட்டின் பின்பக்க ஓரத்தில், எங்கள் எல்லோருக்கும் துணி தேய்த்துக் கொடுக்கும் அஞ்சுகத்தின் தகர வீடு இருந்தது. அவள் புருஷன் தணிகாசலம் நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் பகுதியிலேயே ஒரு மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். அந்த வீட்டுக்குத் தரை கிடையாது, மண்தான். அஞ்சுகம் அதைத் தினமும் மெழுகி வைப்பாள். அவர் வாசலைப் பார்த்தாற்போலப் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மழை நாளில் தண்ணீர் காட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாப்பா, இன்னிக்கு லேட்டு?" என்பார். "போங்க, போங்க. பின்னாடி வர்றவனுக்கு எடம் உட்டுக் குந்துங்க."

"யாராண்ட பேசினு கீற?" என்று அஞ்சுகம் காட்டு ஓரத்துப் புன்னை மரத்தடியில் நின்றிருக்கும் தன் இஸ்திரி வண்டியிலிருந்து கத்துவாள்.

"அந்தண்ட போறவங்களாண்டதான். உனுக்கின்னா?"

அவள் சிரிப்பாள். அந்த இரண்டு பேருக்கும் அதிசயத்தால் கிடைத்த லாபம் எங்களைவிடப் பெரியது. மழைக்காலத்தில் எல்லாருக்கும் முன்னால் தண்ணீர் புகுந்தது அந்தத் தகர வீட்டில்தான். அவரைத் தூக்கி வண்டிமேல் கிடத்தி, தார்ப்பாய் போர்த்தி, பக்கத்திலேயே நின்று ராத்திரியைக் கழித்த வருடங்கள் அவளுக்கு உண்டு. தண்ணீர் நடக்க ஆரம்பித்த பிறகு அவர் மழையில் நனையவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது வருடம் சிக்கல் வந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் தண்ணீரும் வழி கண்டுபிடித்து எங்கள் முதல் தெரு வழியாக நடந்து வரத் தொடங்கியது. தண்ணீருக்குத் தண்ணீர் எந்த வித்தியாசமும் எங்களுக்குத் தெரியவில்லை, ஆனாலும் எது அவர்களுடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சங்கத் தலைவர் வைகுண்டத்தின் மனைவி, அது தன் வாசலை உரசிக்கொண்டு போவது சரியில்லை என்றார். தெருவில் நீளமாகக் கயிறு கட்டி, இந்தப் பக்கம் நம் தண்ணீர், அந்தப் பக்கம் அவர்கள் தண்ணீர் என்று பிரித்தோம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டியவன் நான். காட்டுக்குள் போனதும் இரண்டும் ஒன்றாகத்தான் மண்ணில் இறங்கின, ஆனால் அங்கே முள், உள்ளே போய்ப் பார்க்க யாரும் இல்லை.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். பதினொரு வருடம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதியவன், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் போட்டவன். எனவே அந்த மாசி மாதக் கூட்டத்தில் நடந்ததை என்னைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. வைகுண்டம் எழுந்தார். பெரிய மனிதர், யார் வீட்டு விசேஷமானாலும் பந்தியில் நின்று கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை நகராதவர். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வருஷமா அது நம்மளத் தேடி வருது. நம்ம என்ன மரியாதை பண்ணியிருக்கோம்? முள்ளுலயும் சேத்துலயும் உக்கார வெச்சிருக்கோம். வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு பாய் விரிச்சுப் போடாத ஆளுங்களா நாம? நாளைக்கு வெளியூர்க்காரன் பாத்தா நம்மள என்ன நெனைப்பான்?"

கூட்டம் தலைகுனிந்தது. எனக்கும் வெட்கமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வந்தவரை நிற்கவைத்துப் பேசிவிட்டோம் என்ற பழி எங்கள் ஜனங்களுக்குப் பொறுக்காது. வீட்டில் ஒரே ஒரு நல்ல நாற்காலி இருந்தால் அதை விருந்தாளிக்குத் தள்ளிவிட்டுத் தரையில் உட்காரும் ஆட்கள் நாங்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு பெயருக்காக அடித்துக்கொண்டவர்கள் ஐந்து நிமிடத்தில் ஒன்றானோம். முள்ளை வெட்டுவது, மேட்டைச் சமன் செய்வது, முழுவதும் கருங்கல் பலகை பதித்துச் சிமென்ட்டால் பூசுவது, சுற்றுச்சுவர், கம்பிக் கதவு, 'நல்வரவு' என்று எழுதிய வளைவு. ஆளாளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அப்போது தேய்த்த துணி மூட்டையோடு அஞ்சுகம் கதவருகில் நின்றிருந்தாள்.

"சார், அது குந்தறதுக்கு வர்ல சார்," என்றாள். "உள்ள போறதுக்கு வருது."

"எதுக்கும்மா உள்ள?" என்றார் வைகுண்டம்.

"மண்ணுக்குள்ள சார். நான் தெனம் பாக்கறேனே. இப்பிடி நொய்யினு உள்ள பூடும். கல்லு போட்டீங்கன்னா எங்க சார் போவும்?"

வைகுண்டம் கோபப்படவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. உனக்கும் நல்லதுதான், பாம்பு பூச்சி வராது பாரு," என்றார். உறுப்பினர்கள் பேசியதை மட்டுமே குறிப்பில் எழுத வேண்டும் என்பது சங்க விதி. அதனால் அவள் சொன்னதை நான் எழுதவில்லை. இன்றைக்கும் அந்த நோட்டைப் புரட்டினால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் இருக்கும்.

சித்திரையில் ஜேசிபி வந்தது. நொச்சியும் தாழையும் ஒரு காலையில் போயின. ஒரு கீரி இரண்டு குட்டிகளோடு நான்காம் தெருவைக் குறுக்கே கடந்து எங்கேயோ போனது, அதை எல்லோரும் செல்போனில் படம் பிடித்தோம். நண்டுகள் மூன்று நாள் தார் ரோட்டில் சுற்றி, வண்டிச் சக்கரத்தில் அரைபட்டு முடிந்தன. புன்னை மரத்தின் வேர் தளத்தைத் தூக்கிவிடும் என்று மேஸ்திரி சொன்னதால் அதையும் வெட்டினோம். அஞ்சுகம் வண்டியை வெயிலில் நிறுத்தித் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு தேய்த்தாள். ஆவணிக்குள் வேலை முடிந்தது. கண்ணாடி மாதிரி தளம். நான்கு மூலையிலும் சிமென்ட் தொட்டியில் நான்கு வேப்பங்கன்று வைத்தோம், இயற்கை வேண்டுமல்லவா.

மழை பிந்தியது. வாய்க்கு வந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு காத்திருந்தோம்; ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அது வந்தது, எங்கள் வாழ்நாளில் பார்க்காத கனத்தோடு வந்தது. நாதஸ்வரக்காரருக்குப் போன் போனது. நான் அஞ்சுகத்திடம் என் பட்டு வேட்டியை அவசரமாகத் தேய்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்து நனையாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வரேன் சார், ஊட்ல அது தனியா கீது," என்றாள்.

"இரும்மா, என்ன அவசரம்? ஆரத்தி முடிஞ்சதும் போலாம். நம்ம ஏரியா விசேஷம், நீயும் பாக்க வேணாமா?" என்றேன். இரண்டாவது ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

தண்ணீர் வந்தது. முதல் தெருவிலிருந்து, இரண்டாம் தெருவிலிருந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, வளைவுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தலைகுனிந்து நுழைந்தது. நாங்கள் கைதட்டினோம். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. உள்ளே போன தண்ணீர் உட்காரப் பார்த்து வழுக்கியது. எழுந்து இன்னொரு பக்கம் போனது. குனிந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த பூச்சில் முகத்தை வைத்து அழுத்தியது. பின்னாலிருந்து வந்தது முன்னால் நின்றதை நெருக்கியது. சுற்றுச்சுவருக்குள் தோளோடு தோள் ஒட்டி, எங்கள் மனம் நோகக் கூடாது என்பதுபோல, அது ஒரு மணி நேரம் பேசாமல் நின்றது. எங்களுக்கு அது திருப்தியோடு நிற்பதாகத் தோன்றியது. வைகுண்டம் கும்பிட்டார்.

பிறகு அது திரும்பியது. வெளியே வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்த்தது: முற்றம் சிமென்ட், கார் நிறுத்துமிடம் டைல்ஸ், தெருவோரம் முழுக்கச் சிமென்ட் கல். நான்கு தெருக்களில் ஒரு கைப்பிடி மண்ணை நாங்கள் திறந்து வைத்திருக்கவில்லை. வரிசையின் தலை மெல்லச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்பியதைப் பார்த்து நாங்கள் எதுவும் நினைக்கவில்லை. என் பக்கத்தில் நின்றவள் நினைத்தாள். ஆரத்தித் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்; அஞ்சுகம் ஓடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் எல்லார் தண்ணீரையும் சேர்த்து மொத்தமும் அந்தத் தகர வீட்டின் பத்துக்குப் பத்து மண் தரைக்குப் போனது. வாரியக் குடியிருப்புப் பெண் ஒருத்தி தன் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். தணிகாசலம் பயந்து கத்தவில்லை என்றாள், வழக்கம்போலத்தான் பேசினாராம். "மெதுவா, மெதுவா. ஒவ்வொருத்தரா வாங்கப்பா. எனக்கும் கொஞ்சம் எடம் உடுங்க." அஞ்சுகம் வரிசையைக் கையால் விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது உள்ளே கூரைவரை தண்ணீர் நின்றிருந்தது. தண்ணீரைக் கையால் எவ்வளவு நேரம் விலக்க முடியும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் அந்தத் தரைக்குள் இறங்கிவிட்டது. கதவைத் தள்ளி நாங்கள் உள்ளே போனபோது மண் மேலுக்கு லேசாக ஈரமாக இருந்தது, பாயில் அவர் படுத்திருந்தார், வாசலைப் பார்த்தாற்போல.

இதையும் நாங்கள் ஜீரணித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் வளைவுக்குப் பக்கத்தில் 'நீரோடு கலந்த தெய்வத்திரு தணிகாசலம்' என்று ஃபிளெக்ஸ் கட்டினோம். எத்தனையோ வீடு இருக்க அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறதென்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆத்மா என்று பேசிக்கொண்டார்கள். டியூஷன் டீச்சர் தன் பிள்ளைகளை அழைத்துவந்து அந்தத் தகர வீட்டை நோக்கிக் கும்பிடச் சொன்னார். கல்லைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேனா? இல்லை.

எட்டாம் நாள் காலை வைகுண்டமும் நானும் மேஸ்திரியும் மிச்சமிருந்த சிமென்ட் மூட்டைகளோடு அவள் வீட்டுக்குப் போனோம். சங்கம் அவளுக்குச் செய்ய முடிந்த உதவி என்று கூடிப் பேசி முடிவெடுத்திருந்தோம். "தரை போட்டுத் தந்துடறோம்மா. இனிமே உன் வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராது," என்றார் வைகுண்டம். அவர் குரல் தழுதழுத்தது. அப்போதும் நடிப்பில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அஞ்சுகம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள்.

"வேணாம் சார்."

"ஏம்மா? சும்மாதான் போட்டுத் தர்றோம்."

"இங்கயும் போட்டுட்டா அது எங்க சார் போவும்?"

புருஷனைக் கொன்ற தண்ணீருக்காகத்தான் அவள் அதைக் கேட்டாள். மேஸ்திரி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். அவள் எழுந்தாள், மேஸ்திரியின் கையிலிருந்த கடப்பாரையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள், சுவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள், வளைவுக்குக் கீழே நுழைந்தாள், தளத்தின் நட்டநடுவில் நின்று கடப்பாரையை ஓங்கிக் கல்லின் இடுக்கில் இறக்கினாள்.

பட்டப்பகல் பத்து மணி. நான்கு தெருக்காரர்களும் பால்கனிக்கு வந்தார்கள். தடுக்க யாரும் இறங்கவில்லை, உதவவும் யாரும் இறங்கவில்லை. சிமென்ட் பூச்சு சில்லு சில்லாகத் தெறித்தது. மூச்சு வாங்க, நெற்றிப் பொட்டு இல்லாத முகத்தில் வியர்வை வழிய, அவள் ஒரு கல்லின் விளிம்பை இரண்டு விரற்கடை தூக்கிவிட்டாள். அதற்குமேல் வரவில்லை. இரண்டு ஆள் கனம். கடப்பாரையின் மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வைகுண்டம் போய்விட்டிருந்தார். கதவருகில் நான் மட்டும் நின்றேன்.

"ஒரு கை புடி சார்," என்றாள்.

விளிம்புக்குக் கீழே கறுப்பு மண் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

"கமிட்டியில கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து, படபடவென்று மழை பிடித்தது. தெருக்களில் தண்ணீர் எழுந்தது, வரிசை கட்டியது, என்னைச் சுற்றிக்கொண்டு வளைவுக்குள் நுழைந்து, தூக்கி நிற்கிற அந்தக் கல்லுக்கு முன்னால், அவள் முதுகுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக நின்று காத்திருந்தது. அதற்குக் கை இல்லை. எனக்கு இரண்டு இருந்தன. ஒன்றால் குடையை விரித்துக்கொண்டு, இன்னொன்றால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் வீட்டுக்குப் போனேன்.